காய்ச்சலுக்குப் பெயர் தெரிய வேண்டும்

நீண்ட காலம் ஆள் நடமாட்டம் இல்லாதிருந்த காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் செய்யும் வேலை பற்றை வெட்டுவதாகும். வீடு நின்ற இடம் எது, கிணறு இருந்த இடம் எது என்று கண்டுகொள்வதற்கே நாயுண்ணியையும் ஈச்சம் பற்றையையும் வடலியையும் வெட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய மக்களின் காணிகள், 2009 இல் போர் முடிந்த பின்னர் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. 20 வருடம், 25 வருடம், சிலருக்கு 30 வருடத்துக்கும் மேல் என்று அந்தச் செம்மண் உழுவாரற்றுக் கிடந்தது. வன்னியிலும் கைவிடப்பட்ட மேட்டுக்காணிகள் இவ்வாறே பற்றை மண்டிப் போயின. காணி கிடைத்த மகிழ்ச்சியோடு கத்தியும் மண்வெட்டியும் கொண்டு போனவர்களில் சிலர், பத்துப் பதினைந்து நாளில் கடுங்காய்ச்சலோடு பாயில் படுத்தார்கள்.

அந்தக் காய்ச்சலின் பெயர் என்ன? டெங்குவாக இருக்கலாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நெருப்புக்காய்ச்சலாக இருக்கலாம். உண்ணிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். முதல் நான்கைந்து நாட்களில் இவை யாவும் ஒன்றுபோலவே தோன்றும்: காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு, வாந்தி. இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்வது ஆய்வுகூடத்தின் பணி. ஆனால் அந்த ஆய்வுகூடம் எமது மக்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதன் விடை எப்போது வருகிறது? வரும்போது அதைப் பெற்றுக்கொள்ள நோயாளி அந்த விலாசத்தில் இருக்கிறாரா?

இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவன இரண்டு. உண்ணிக்காய்ச்சல் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால், மருந்து பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதேவேளை, மருந்து கொடுத்தாயிற்று என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிடவும் கூடாது. முதலாவது நோயாளியின் உயிரைப் பற்றியது. இரண்டாவது அவரது கிராமத்தைப் பற்றியது.

பற்றைக்குள் இருக்கும் நோய்

எமது மக்கள் உண்ணிக்காய்ச்சல் என்று பொதுப்படச் சொல்வது தைபஸ் வகைக் காய்ச்சல்களையாகும். பேன் பரப்பும் வகை உண்டு, தெள்ளு பரப்பும் வகை உண்டு, உண்ணி பரப்பும் வகையும் உண்டு. இலங்கையில் மலைநாட்டுப் பகுதிகளில் புள்ளிக் காய்ச்சல் வகை அதிகமாகக் காணப்பட, வடக்கு உள்ளிட்ட தாழ்நிலப் பகுதிகளில் பற்றைத் தைபஸ் முதன்மை பெறுகிறது என்பதை 2011 இலும் 2014 இலும் வெளியான இலங்கை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. 2014 இல் வெளியானது யாழ்ப்பாணத்து நோயாளர்களைக் கொண்டே செய்யப்பட்ட ஆய்வாகும்.

பற்றைத் தைபஸ், ஆங்கில வழக்கில் ஸ்க்ரப் தைபஸ், மாட்டிலும் நாயிலும் நாம் காணும் பெரிய உண்ணியால் வருவதன்று. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிற்றுண்ணியின் குடம்பியே இதைப் பரப்புகிறது. பற்றையும் புல்லும் எலியும் சேரும் இடமே அதன் இருப்பிடம். கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்வதால், ஒருமுறை ஓரிடத்தில் ஊன்றிய நோய் அங்கேயே நிலைக்கும். கடி வலிக்காது. ஏறத்தாழ 6 நாள் தொடக்கம் 3 கிழமை கழித்துக் காய்ச்சல் தொடங்கும்போது, பற்றை வெட்டிய நாளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

கிருமியின் பெயர் ஒரியன்சியா சுத்சுகாமுசி. பெயரின் பிற்பகுதி ஜப்பானிய மொழி. ஜப்பானின் நீகாத்தா, அக்கித்தா போன்ற மாவட்டங்களில், வெள்ளம் வடிந்த ஆற்றங்கரை நிலத்தை வேறு நிலமில்லாத காரணத்தால் பயிரிட்ட ஏழைக் கமக்காரரே இந்நோயை முதலில் அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் நியூகினியிலும் ஆயிரக்கணக்கான படையினர் இதனால் விழுந்தபோதுதான் வல்லரசுகள் இதைக் கவனித்தன. 1948 இல் மலாயாவில் குளோரம்பெனிக்கோல் என்ற மருந்து இந்நோயைக் குணப்படுத்தும் என்று கண்டறிந்தார்கள். அதுவரை மருந்தே இல்லை. கமக்காரருக்கு வரும்போது ஊர்க்காய்ச்சலாக இருந்தது, படைவீரருக்கு வந்தபோது ஆராய்ச்சிக்குரிய நோயாயிற்று. இந்த வரலாற்றை நாம் மறக்கலாகாது.

சிகிச்சை பெறாதவர்களில் சுமார் 100 பேருக்கு 6 பேர் வரை இறக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கூறுகின்றனர். இடத்துக்கு இடம் இது பெரிதும் வேறுபடும். நுரையீரல், சிறுநீரகம், மூளை என்பன பாதிக்கப்படும்போது ஆபத்து மிகும். உரிய மருந்தை நேரத்தோடு பெற்றவர்களில் இறப்பு மிகக் குறைவு.

ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன?

"இரத்தம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்." மக்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. எந்த இரத்தப் பரிசோதனை, எதற்காக, காய்ச்சலின் எத்தனையாம் நாளில் என்று தெரியாமல் "ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ஆகவே பரிசோதனைகளைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மலேரியாக் கிருமியை ஒரு துளி இரத்தத்தில், சாதாரண நுணுக்குக்காட்டியில் காணலாம். நெருப்புக்காய்ச்சல் கிருமியைப் போத்தலில் வளர்த்தெடுக்கலாம். பற்றைத் தைபஸ் கிருமியோ எமது உடற்கலங்களுக்குள்ளே மட்டும் வாழும் பற்றீரியாவாகும். வழக்கமான இரத்த வளர்ப்பில் அது வளராது. உயிருள்ள கலங்களில் வளர்க்க விசேட பாதுகாப்புள்ள ஆய்வுகூடமும் சில கிழமைகளும் வேண்டும். எனவே கிருமியை நேரே பிடிப்பதற்குப் பதிலாக, அது உடலில் விட்டுச்செல்லும் தடயத்தையே பெரும்பாலான பரிசோதனைகள் தேடுகின்றன. கிருமியை எதிர்க்க எமது உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள்தாம் அந்தத் தடயம். இரத்தம் உறைந்த பின் பிரியும் சீரம் எனப்படும் தெளிநீரில் அவை இருக்கும்.

மிகப் பழைய பரிசோதனை வைல்-பீலிக்ஸ் என்பதாகும். 1916 இல் வைல், பீலிக்ஸ் என்ற இருவர், தைபஸ் நோயாளரின் சீரம் புரோட்டியஸ் என்ற வேறொரு பற்றீரியாவைத் திரளச் செய்கிறது என்று கண்டார்கள். புரோட்டியசுக்கும் தைபஸ் நோய்க்கும் தொடர்பில்லை. முகச்சாயல் ஒன்றாக இருப்பதால் அயலாரைச் சொந்தக்காரர் என்று எண்ணிக் கூப்பிடுவது போன்றதே இது. பற்றைத் தைபசுக்கு ஓ.எக்ஸ்.கே. என்ற புரோட்டியஸ் வகை பயன்படுகிறது. செலவு குறைவு, விசேட கருவி வேண்டியதில்லை. அதனால் வசதி குறைந்த இடங்களில் நெடுங்காலம் கைகொடுத்தது. ஆனால் சாயலை நம்பும் பரிசோதனை என்பதால் நோயுள்ளவர்கள் பலரைத் தவறவிடும், நோயில்லாத சிலரைப் பிடித்தும் விடும். வைல்-பீலிக்ஸ் 'இல்லை' என்று வந்தது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டுவது தவறு.

பல ஆண்டுகளாக அளவுகோலாகக் கொள்ளப்படுவது ஒளிர்வுப் பரிசோதனை. கிருமியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, நோயாளியின் சீரத்தை அதன்மேல் விட்டு, பின்னர் ஒளிரும் சாயமேற்றிய பொருளொன்றைச் சேர்ப்பார்கள். சீரத்தில் பிறபொருளெதிரி இருந்தால் விசேட நுணுக்குக்காட்டியில் கிருமி பச்சையாக ஒளிரும். அடுத்து, சீரத்தைப் படிப்படியாக ஐதாக்கிக்கொண்டே போவார்கள். பயிருக்குத் தெளிக்கும் மருந்துக்கு மேலும் மேலும் தண்ணீர் விட்டால் வீரியம் குறைவது போல இங்கும் ஒளிர்வு குறையும். எவ்வளவு ஐதாக்கிய பின்னும் ஒளிர்வு தெரிகிறதோ, அவ்வளவுக்குப் பிறபொருளெதிரி அதிகம் என்பது பொருள்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. நோய் நிலைத்திருக்கும் பகுதியில் வாழும் கமக்காரரின் உடலில், முன்பு எப்போதோ வந்து போன தொற்றின் பிறபொருளெதிரி ஏற்கனவே இருக்கலாம். ஆகவே ஒரு தடவை எடுத்த இரத்தத்தில் ஒளிர்வு தெரிந்தாலும், அது இன்றைய காய்ச்சலுக்கா, பழைய தொற்றுக்கா என்று சொல்ல முடியாது. இதற்குத் தீர்வு இரண்டு தடவை இரத்தம் எடுப்பது. முதல் இரத்தம் காய்ச்சலின்போது. இரண்டாவது, ஏறத்தாழ 2 கிழமை கழித்து. முதல் சீரத்தில் 64 மடங்கு ஐதாக்கலோடு நின்ற ஒளிர்வு, இரண்டாவதில் 256 மடங்கு ஐதாக்கிய பின்னும் தெரிந்தால், அது நான்கு மடங்கு உயர்வு. அப்போதுதான் இந்தக் காய்ச்சல் இந்த நோயே என்று ஐயமின்றிக் கூறலாம்.

எலைசா என்பது இதே அடிப்படையில் நிறமாற்றத்தைக் கருவியால் அளக்கும் முறை. ஒரே தடவையில் பலருடைய சீரத்தைச் சோதிக்கலாம். பார்ப்பவரின் கண்ணை அது நம்பியிருப்பதில்லை. ஐ.ஜி.எம். எனப்படும், தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் பிறபொருளெதிரியை இது தேடும். மாவட்ட மட்ட ஆய்வுகூடங்களுக்கு மிகப் பொருத்தமான முறை இதுவே என்பது என் கருத்து. ஆயினும் ஐ.ஜி.எம். பல மாதங்கள் இரத்தத்தில் தங்கக்கூடியது என்பதால், இதன் விடையையும் நோயாளியின் நிலையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஒரு துளி இரத்தத்தை விட்டுக் கால் மணித்தியாலமளவில் கோடு தோன்றுகிறதா என்று பார்க்கும் விரைவுப் பட்டைகளும் உண்டு. கிராமத்து வைத்தியசாலைக்கு இவை வசதியானவை. ஆனால் எல்லாப் பட்டைகளும் ஒரே தரத்தன அல்ல.

பி.சீ.ஆர். என்ற பெயரை 2020 இல் கொரோனா வந்தபோது எல்லாரும் அறிந்துகொண்டோம். கிருமியின் மரபுப்பொருளைத் தேடிப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் முறை அது. பிறபொருளெதிரி தோன்றுமுன்னரே, காய்ச்சலின் முதற் கிழமையில் பயன்தருவது இதன் சிறப்பு. கடித்த இடத்தில் உண்டாகும் கறுத்த பொருக்கில் சிறு துண்டு கிடைத்தால், இரத்தத்தைவிட அதுவே பி.சீ.ஆருக்குச் சிறந்த மாதிரியாகும்.

அந்தப் பொருக்கு

அந்தப் பொருக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சுருட்டு நெருப்புச் சுட்டது போல நடுவில் கறுத்து, சுற்றிவரச் சிவந்து, வலியில்லாமல் இருக்கும். எல்லா நோயாளரிடமும் அது இருப்பதில்லை. இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. எந்த ஆய்வுகூடமும் தேவையில்லாத, காசு செலவில்லாத பரிசோதனை இது.

ஆனால் அது கையிலும் முகத்திலும் வந்து நிற்பதில்லை. கவட்டிலும் கமக்கட்டிலும் மார்பின் கீழும் இடுப்புப் பட்டி இறுகும் இடத்திலும் ஒளிந்திருக்கும். சன நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில், சட்டையைக் கழற்றாமல், 2 நிமிடத்தில் பார்த்து அனுப்பும் இடத்தில் அது எப்படித் தெரியும்? பெண்கள் வெட்கத்தால் சொல்வதில்லை. பலருக்கு இப்படியொன்று உடலில் இருப்பதே தெரியாது. ஒரு மறைப்புத் திரையும் ஒரு பெண் தாதியும் இருந்தால் சில உயிர்கள் தப்பும். இதற்கு வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை.

நாளைத் தவறவிட்டால் விடையும் தவறும்

மேற்சொன்னவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனக்குரிய நாள் உண்டு. காய்ச்சலின் முதற் கிழமையில் பி.சீ.ஆர். பேசும், பிறபொருளெதிரிப் பரிசோதனைகள் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். இரண்டாம் கிழமையில் பி.சீ.ஆரின் குரல் தாழும், எலைசாவும் ஒளிர்வுப் பரிசோதனையும் பேசத் தொடங்கும். மூன்றாம் நாள் இரத்தத்தில் ஐ.ஜி.எம். இல்லை என்றால் நோய் இல்லை என்பது பொருளன்று. விதைத்த மூன்றாம் நாள் வயலைப் பார்த்து விதை பழுது என்று எந்தக் கமக்காரரும் சொல்லமாட்டார்.

ஆகவே பரிசோதனைப் படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய திகதி எழுதப்படாவிட்டால், விடையைச் சரியாக வாசிக்க எவராலும் முடியாது. அந்தத் திகதியைச் சொல்லக்கூடியவர் வைத்தியரல்லர், வீட்டிலுள்ள தாயார்தான். காய்ச்சல் தொடங்கிய நாளைச் சுவர்க் கலண்டரில் ஒரு புள்ளியிட்டு வைப்பது சிறிய வேலை. ஆய்வுகூடத்துக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி அதுவே.

இரண்டாவது இரத்தம்

இடம்பெயர்ந்தோரின் துயரம் இப்பரிசோதனைக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். நான்கு மடங்கு உயர்வைக் காட்ட இரண்டாவது இரத்தம் வேண்டும் என்றேன். அந்த இரண்டாவது இரத்தம் எம்மவரிடமிருந்து கிடைப்பது மிக அரிது.

காரணம் அலட்சியமன்று. காய்ச்சல் விட்டதும் அவர் கூலிக்குப் போகவேண்டும். வைத்தியசாலைக்கு மீண்டும் போவதென்றால் ஒரு நாட் கூலி இல்லை, பஸ் காசு வேறு. பல குடும்பங்களுக்கு இரண்டு இடத்தில் வாழ்க்கை. பிள்ளைகள் படிக்கும் இடத்தில், உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ குடும்பம் இருக்கும். தகப்பன் மட்டும் காணியில் கொட்டில் போட்டுப் பற்றை வெட்டுவார். பதிவோ மூன்றாவது ஓர் இடத்தில் இருக்கும். மாதிரிகளைச் சோதிப்பதும் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற ஒருசில இடங்களிலேயே. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

நான் அறிந்த ஒரு கமக்காரருக்கு இப்படித்தான் நடந்தது. நோய் மாறி 2 மாதத்துக்குப் பின்னரே அவரது பரிசோதனை விடை வைத்தியசாலைக்கு வந்தது. வைத்தியசாலைக் கொப்பியில் இருந்த விலாசம் அவர் முன்பு தங்கியிருந்த இடத்தினுடையது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அங்கு தேடிப் போனார், ஆள் இல்லை. காய்ச்சல் பிடித்த காணியோ வேறொரு பிரிவில். அங்கே அந்நோய் இருப்பதாக எந்தப் பதிவிலும் ஏறவில்லை. அடுத்த மாதம் அதே காணியின் அயலில் இன்னொரு குடும்பம் பற்றை வெட்டத் தொடங்கியது. அவர்களை எச்சரிப்பதற்கு யாரிடமும் தகவல் இருக்கவில்லை.

தைபஸ், வைத்தியர் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். அறிவித்தால்தான் கணக்கில் சேரும். கணக்கில் சேர்ந்தால்தான் மருந்தும் பணியாளரும் ஆய்வுகூட வசதியும் அந்தப் பகுதிக்கு ஒதுக்கப்படும். விலாசம் இல்லாதவரின் நோயும் விலாசமில்லாமற் போகிறது.

"மருந்து இருக்கும்போது பரிசோதனை எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. டொக்சிசைக்கிளின் விலை குறைந்த மருந்து. உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அசித்திரோமைசின் கொடுக்கிறார்கள். பெனிசிலினும் அமொக்சிசிலினும் இந்நோய்க்குப் பயன்படா. ஆகவே கடையில் வாங்கிய அமொக்சிசிலினை 5 நாள் விழுங்கிக்கொண்டு வீட்டிலிருப்பது, பொன்னான 5 நாளை இழப்பதாகும். பற்றை வெட்டியவர், காய்ச்சல் 5 நாளுக்கு மேல் நிற்கவில்லை, பொருக்கு இருக்கிறது அல்லது வேறு காரணம் தெரியவில்லை என்றால், வைத்தியர் இரத்தத்தை எடுத்துவிட்டு அன்றே மருந்தைத் தொடங்குவதே முறை. 400 கிலோமீற்றர் தூரத்திலிருந்து வரும் காகிதத்துக்காக நோயாளியைக் காத்திருக்க வைப்பதை ஏற்க முடியாது.

அப்படியானால் பரிசோதனை ஏன்? மூன்று காரணம் சொல்வேன்.

முதலாவது, மருந்துக்குக் காய்ச்சல் தணிந்தது என்பது பெயரைச் சொல்லாது. எலிக்காய்ச்சலுக்கும் டொக்சிசைக்கிளின் கேட்கும். எலிக்காய்ச்சல் வயற் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருந்து வருவது. பற்றைத் தைபஸ் பற்றையிலிருந்து வருவது. தடுக்கும் வழி வேறு வேறு. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது ஊரெங்கும் அச்சம் பரவியது. அது எலிக்காய்ச்சல் என்று ஆய்வுகூடம் சொன்ன பின்னரே, யாருக்கு ஆபத்து, என்ன செய்வது என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது, எல்லாக் காய்ச்சலுக்கும் எல்லா மருந்தும் என்ற வழக்கம் ஆபத்தானது. டெங்குவுக்கு இம்மருந்தால் பயனில்லை. உண்ணிக்காய்ச்சல் என்று எண்ணி டெங்கு நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் இழப்பு நேரலாம்.

மூன்றாவது, உறுதிசெய்யப்பட்ட நோயாளர் இருந்தாலன்றிச் சிகிச்சை முன்னேறாது. கடுமையான பற்றைத் தைபசுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023 இல் இந்திய வைத்தியசாலைகளில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. நோயை ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யும் வசதி அங்கே இருந்தபடியால்தான் அந்த ஆய்வு இயன்றது.

மலேரியா தந்த பாடம்

"இவ்வளவு வசதியைக் கிராமத்துக்குக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு எமது சொந்த அனுபவமே விடை. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போர் நடந்த ஆண்டுகளிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளர்கள் கண்ணாடித் தகட்டோடு கிராமங்களுக்கும் முகாம்களுக்கும் போனார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், விரைவில் விடை, கையோடு மருந்து. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆய்வுகூடத்தை நோயாளியிடம் கொண்டுபோனதே அந்த வெற்றியின் பெரும் பங்கு.

2020 இல் கொரோனாவின்போதும் இதையே கண்டோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பி.சீ.ஆர். பரிசோதனை தொடங்கியது. முடியாது என்று எண்ணியது சில கிழமைகளில் முடிந்தது. அவ்வகை இயந்திரத்தில் உரிய வினைபொருட்களைப் பயன்படுத்தி உண்ணிக்காய்ச்சலையும் சோதிக்கலாம். நகரத்தைத் தாக்கிய நோய்க்குக் கிடைத்த அவசரம், பற்றை வெட்டுபவரின் நோய்க்கும் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மீள்குடியேற்றத்துக்கு முன் கண்ணிவெடி அகற்றினார்கள். நிலம் பாதுகாப்பானது என்று உறுதிசெய்த பின்னரே மக்களை உள்ளே விட்டார்கள். காணியில் வேறு ஆபத்தும் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் இப்படிச் செய்யுங்கள் என்று ஒரு துண்டுக் காகிதமாவது அவர்களின் கையில் கொடுத்திருக்கலாமே.

நாம் கேட்க வேண்டியவை

அதிகாரிகளிடம் நாம் கேட்க வேண்டியவை பெரிய காரியங்களல்ல. வடக்கில் ஓர் ஆய்வுகூடத்திலாவது உண்ணிக்காய்ச்சலுக்கான எலைசாவும் பி.சீ.ஆரும் ஆண்டு முழுவதும் தடையின்றி நடைபெற வேண்டும். இரண்டாவது இரத்தத்தை நோயாளியின் கிராமத்திலேயே, நடமாடும் கிளினிக்கிலோ அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ எடுக்க ஒழுங்கு வேண்டும். படிவத்தில் மூன்று விடயம் கட்டாயமாக எழுதப்பட வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய திகதி, பற்றை வெட்டிய இடம், விடையை அறிவிக்கும் தொலைபேசி இலக்கம். தங்கியிருக்கும் வீட்டு விலாசம் மட்டும் போதாது. நோய் தொற்றிய காணியின் விலாசமே சுகாதாரப் பகுதிக்குத் தேவையானது.

வீடுகளில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பற்றை வெட்டும்போது நீண்ட கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். களைப்பாறப் புல்லின்மேல் படுக்காதீர்கள், கழற்றிய சட்டையைப் பற்றைமேல் போடாதீர்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுத்த உடுப்பைத் தோய்க்கப் போடுங்கள். காய்ச்சல் வந்தால், "நான் பற்றை வெட்டினேன், இன்ன நாள் காய்ச்சல் தொடங்கியது" என்று வைத்தியரிடம் கேட்காமலே சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். இரண்டாவது இரத்தத்துக்கு வரச் சொன்னால், காய்ச்சல் மாறியிருந்தாலும் போங்கள். நோய் நிர்ணய அட்டையைக் காணி உறுதியைப் போலப் பத்திரமாக வைத்திருங்கள்.

கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் ஒரு கொப்பி வைத்து, ஊரில் யாருக்கு எந்த மாதம் எந்தக் காணியில் வேலை செய்த பின் காய்ச்சல் வந்தது என்று எழுதி வரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அதைக் காட்டலாம். இரண்டாவது இரத்தத்துக்குப் போகும் ஏழைக் குடும்பத்தின் பஸ் காசைச் சங்கமே ஏற்றுக்கொள்ளலாம். அந்தச் சிறு தொகை ஒரு கிராமம் முழுவதற்கும் செய்த செலவாகும்.

காணிக்காக 20 வருடம், 30 வருடம் காத்திருந்த மக்கள் இவர்கள். அந்தக் காணியில் பிடித்த காய்ச்சலின் பெயரை அறிவதற்கும் இன்னொரு காத்திருப்பு இருக்கக் கூடாது. மருந்து அன்றே கிடைக்க வேண்டும். பெயர் பிந்தியாவது வரவேண்டும். வந்த பெயர் அந்த மண்ணின் கணக்கில் எழுதப்பட வேண்டும்.